பாவுக்கு இடமில்லாத வரைபடம்

மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், புதன்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, பிள்ளையார்பாளையத்தில் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே ஒரு நெசவுக்காரப் பெண்ணும் அவள் அண்ணன் மகனும் அமர்ந்திருந்தனர். அவள் கட்டிவரும் வீட்டுக்கு அவன் வரைந்த படம் அவன் மடிக்கணினியில் திறந்திருந்தது.

"நீ பெரிசு பண்ணிப் பாத்தா என் ரூம் பெரிசாயிடுமாடா?"

"ஜூம் பண்ணித்தான் அத்தே வரையணும். தறி உள்ள கரெக்டா உக்காந்துக்கினு இருக்குது பாரு."

"தறி உக்காந்துடுச்சு. பாவு நூல எங்க நீட்டிக் கட்டுறது? சொவத்துல ஓட்டை போட்டு சமையக்கட்டுலயா? நெசவுக்காரன் ஊட்ல பொறந்துட்டு இதுகூடத் தெரில?"

அவன் படத்தைச் சுருக்கினான். முழு வீடும் ஒருசேரத் தெரிந்தது. தறிக்கு முன்னால் ஒரு முழ இடம்கூட இல்லை. அவன் விரல் ஒரு கோட்டைப் பிடித்து இழுத்தது.

"சொவர ஆறடி தள்ளிட்டேன் அத்தே. அவ்ளோதான்."

"கம்ப்யூட்டர்ல தள்ளிட்ட. அங்க நேத்தே இடுப்பு ஒசரம் எழும்பிடுச்சே, அத யாருப்பா தள்றது? உங்கப்பனா?"

அவர்கள் இறங்கியபோது அவன் செய்யாமல் மிஞ்சியிருந்தவை, அவனால் இன்னும் செய்ய முடிந்தவை:

மேஸ்திரியை நிறுத்தச் சொல்வது.
சுவரை இடிப்பது.
அத்தையிடம் மன்னிப்புக் கேட்பது.