மாப்பிள்ளை அட்டையில் என் கை

(சரக்குக் கிடங்கில் மதிய இடைவேளை. ஒரு சுமைதூக்கி மூட்டை அடுக்கின்மேல் சாய்ந்துகொண்டு, மருத்துவமனையிலிருந்து அழைக்கும் தங்கை புருஷனிடம் பேசுகிறான்.)

அலோ... மாப்ளையா? இரு, இரு, இடுப்பு பிடிச்சுக்கிச்சு, மெதுவா சாஞ்சுக்கிறேன்... ம்... காலையில இருந்து உன் பங்கு மூட்டையும் என் முதுகுலதான். ரெண்டு லோடு. சரி, சொல்லு. ஸ்கேன் முடிஞ்சுதா?

ம்... ம்... ஆமா... என்னது, இதயச் சுவர் தடிச்சிருக்கா?

அதுல என்னடா பெருமை. உழைச்சு ஏறின தசைன்னு நினைச்சுட்டியா... சிரிக்காதே, மூச்சு வாங்கும். அப்புறம் முந்தாநாள் மாதிரி பாதிப் படியில மூட்டையோட உட்கார்ந்துக்குவே.

ஆமா, ஆமா... பம்ப் நல்லாத்தான் அடிக்குது, சரி... விரியறதுலதான் சிக்கல்னாங்களா? அது எப்படின்னா, என் தோளைப் பாரு. இருபது வருஷம் சுமந்து பாறை மாதிரி தடிச்சுக் கிடக்கு. கையை மடக்கி முதுகைச் சொறியச் சொல்லு, முடியாது. உள்ளேயும் அதே கதைதான். அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி விறைச்சுப்போச்சு. சாக்கு வாயை நீ அரைகுறையாப் பிடிச்சா, நான் அள்ளிப் போடுற தானியம் எங்கே இறங்கும்? ரத்தமும் அப்படித்தான். உள்ளே இறங்காம நுரையீரல் பக்கம் தேங்குது. அதான் உனக்கு இரைப்பு...

எனக்கு எப்படித் தெரியுமா? ரெண்டு வருஷமா நம்ம கிடங்கு நர்சம்மா எனக்குத்தானே பாடம் எடுக்குது. உப்பைக் குறை, புகையை விடு, இதயம் விறைச்சுப்போகும்னு. உனக்கு விழ வேண்டிய திட்டு மாப்ளே, நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ம்... டாக்டருக்குக் குழப்பமா?... கிடங்குல கொடுத்த பரிசோதனை அட்டையில ரெண்டு வருஷமும் பிரஷர் சரியா இருக்கு, அப்புறம் ஏன் தடிச்சுதுன்னா... பரம்பரைக் கோளாறா இருக்கலாம்னு வேற டெஸ்டெல்லாம் எழுதுறாங்களா? நீ என்ன சொன்னே?

எனக்கு பிரஷரே இல்லேன்னா சொன்னே?

மாப்ளே. அந்த அட்டையில இருக்கிறது என் கை.

மறந்துட்டியா... வருஷாந்திரப் பரிசோதனை அன்னிக்கு டோக்கனை மாத்திக்கிட்டோமே. நீ தற்காலிக ஆளு, பிரஷர்னா வெளியே அனுப்பிடுவாங்க. தங்கச்சிக்கு அப்போ எட்டாம் மாசம், நீ அழாத குறை. நான் நிரந்தரம், மாத்திரையைக் கொடுத்து விட்டுடுவாங்க. நம்பரைத்தான் கூப்பிட்டாங்க, மூஞ்சியை யாரு பார்த்தா. உன் டோக்கனுக்கு நான் கையை நீட்டினேன், என் டோக்கனுக்கு நீ. அடுத்த வருஷமும் அதே கூத்து... அட்டையைப் பார்த்துப் பார்த்து உனக்கே நம்பிக்கை வந்துடுச்சா? பக்கத்து வீட்டுக்காரன் சாப்பிட்டதுக்கு நீ ஏப்பம் விட்ட கதையால்ல இருக்கு.

சரி, மாத்திரை? என் பேர்ல கொடுத்ததை ஒண்ணு விடாம உன்கிட்டதானே கொண்டாந்து கொடுத்தேன்... ம்... எந்த டப்பா?... ஆணி டப்பாவுலயா? பிரிக்கவே இல்லையா?

இல்ல, நான் எங்கே கத்தினேன். மூட்டை இழுக்கிற கொக்கி கீழே விழுந்துச்சு, அந்தச் சத்தம்.

கேளு. டாக்டரம்மா எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?... மணி இப்பவே ஒண்ணாகப் போகுது. எந்திரிச்சு உள்ளே போ. அந்த அட்டையில இருக்கிறது என்னோடது இல்லே, எனக்கு பிரஷர் உண்டு, மாத்திரை தின்னதில்லேன்னு சொல்லு... ஆமா... ஆமா, வேலை போகலாம். போனா தெருப் பெருக்கலாம். இது ஆரம்பந்தான் மாப்ளே. இப்பவே பிரஷரை இறக்கி வச்சா மேலே கெடாம நிறுத்தலாம், விறைச்சது கொஞ்சம் இளகினாலும் இளகும்னு நர்சம்மா சொல்லியிருக்கு. எவ்வளவு பெரிய மூட்டையையும் நான் ஒருத்தனாத் தூக்கிடுவேன். உன்னைத் தூக்க நாலு பேரு வேணும். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதே.

...ம்.

தங்கச்சியா? முதல்ல டாக்டரம்மா. தங்கச்சிகிட்ட ரெண்டு பேரும் சேர்ந்தே போய் அடி வாங்குவோம்.

என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டியா? அடப் பெரிய தியாகி. தாராளமாக் காட்டிக் கொடு. என் நம்பரையும் சொல்லு.

எனக்கு என்ன நஷ்டமா?... ம்... இத்தனை நாள் சொல்லலை. கேட்டுட்டே, சொல்றேன். உன் பிரஷர் என் அட்டையில ஏறிச்சுல்ல. கிரேனுக்கு ஆள் எடுத்தப்போ, இவனை உயரத்துல ஏத்தக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. பயிற்சியெல்லாம் முடிச்சிருந்தேன். சீட்டு எனக்குத்தான்னு மேஸ்திரியே சொல்லியிருந்தாரு... இல்ல... இல்ல மாப்ளே, அழுதா பிரஷர் ஏறும்... என்ன, கதவு திறந்துட்டாங்களா? உன் நம்பரா? போ, போ.

மன்னிப்பெல்லாம் வேணாம்டா. உசுரோட இருந்து திருப்பிக் கொடு. நீ எனக்கு ரெண்டு வருஷ கிரேன் வேலை பாக்கி. வை போனை.