கவிழ்ந்த படகின் முதுகில் ஒரு கட்டைவிரல்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் என்ன சொல்லித் தொலைக்கப் போகிறேனோ என்று என் முதுகுக்குப் பின்னால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும், அஞ்சல் தலை சேகரிப்போர் மன்றத்தின் தலைவர், என் உடன்பிறந்த அண்ணன் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருந்து, இப்போதே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட பெரியோர்களே! பூதக்கண்ணாடியைக் கண்ணிலும் இடுக்கியைச் சட்டைப்பையிலும் சுமக்கும் சேகரிப்பாளர்களே! அந்தச் சேகரிப்பாளர்களையே ஆண்டாண்டு காலமாகச் சுமந்துவரும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் அன்பில் தோய்ந்த என் வணக்கம்.

என்ன ஐயா? கடைசி வரிசையில் கேட்கவில்லையா? கவலை வேண்டாம். இது என் குடும்பச் சண்டையைப் பற்றிய பேச்சு. போகப் போகச் சத்தம் தானாகவே ஏறும்.

'போலிகளை இனங்காண்பது எப்படி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அஞ்சல் தலையைப் பற்றி என்ன தெரியும்? ஒட்டத் தெரியும், ஒட்டாவிட்டால் திட்டத் தெரியும். ஆனால் அவையோரே, ஓர் அஞ்சல் தலைக்காக என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் முகம் திருப்பிக்கொண்ட காலத்தில், அந்த இரண்டு முதுகுகளுக்கும் நடுவே நின்றவள் நான். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

என் வீட்டுக்காரர் பல் மருத்துவர். ஊரையே வாய் திறக்க வைப்பவர். வீட்டுக்கு வந்தால் தன் வாயைத் திறக்கவே மாட்டார். எங்கள் திருமணம் எப்படி நடந்தது தெரியுமா? காதலா? இல்லை. தரகரா? இல்லை. ஒரு கடவாய்ப் பல்லால் நடந்தது! பல் வலி என்று போன என் அண்ணனிடம், "வாயை மட்டும் மூடிடாதீங்க சார்" என்றார் மருத்துவர். அண்ணன் மூடினார். உள்ளே மருத்துவரின் கட்டைவிரல் இருந்தது.

சிரியுங்கள், சிரியுங்கள். தையல் போட்டுக்கொண்டவருக்குத்தான் தெரியும். மறுநாள் பழக்கூடையோடு மன்னிப்புக் கேட்கப் போன அண்ணன், அங்கே சுவர் முழுக்க அஞ்சல் தலைகள் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்தார். காலையில் போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தார். வந்தவர் சொன்னார்: "தங்கச்சி, உனக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சு." கடித்ததற்கு ஈடாக என்னைக் கொடுத்துவிட்டார்! அந்தத் தழும்பு இன்றைக்கும் என் வீட்டுக்காரரின் கட்டைவிரலில் சாய்ந்த கோடாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இனிப்பான நாட்கள் அவை. மாமன் மச்சான் இருவரும் ஒரே விளக்கின் கீழே தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, அஞ்சல் தலையின் ஓரத்துப் பற்களை எண்ணுவார்கள். பகலெல்லாம் பல்லைப் பார்த்தவருக்கு மாலையிலும் பல்தான்.

ஒரு நாள், பழைய ஆல்பம் ஒன்றை வாங்கிவந்த என் வீட்டுக்காரர் வாய்விட்டுக் கத்தினார். "இங்க பாரேன், படகு தலைகீழா இருக்கு!" நான் சொன்னேன்: "நீங்கதான் தலைகீழா பிடிச்சிருப்பீங்க, திருப்புங்க." திருப்பினார். படகு நேரானது, எழுத்துகள் தலைகீழாயின!

ஆம் அவையோரே, அதுதான் 'கவிழ்ந்த படகு'. நீலச் சட்டத்தை முதலில் அச்சிட்டு, சிவப்புப் படகை இரண்டாவதாக அச்சிட்டபோது, ஒரே ஒரு தாளை யாரோ ஒரு தொழிலாளி அரைத்தூக்கத்தில் திருப்பி நுழைத்துவிட்டார். அந்தத் தவறு பிறந்த அன்றே அரியதாகிவிட்டது. அரியது எதுவோ அதற்குத்தானே போலியும் பிறக்கும்? செல்லாக் காசுக்கு யார் கள்ளக் காசு அடிப்பார்?

நம் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. போலி என்று கண்டுவிட்டால், அது இன்னொருவர் தலையில் கட்டப்படாமல் இருக்க, அதன் முதுகில் ஊதா மையால் 'போலி' என்று முத்திரை குத்திவிடுவோம். முத்திரை இருப்பது தலைவர் கையில். அண்ணன் படகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் காலத்துத் தாளுக்குள் வெளிச்சத்தில் மட்டும் தெரியும் நீர்க்குறி இருக்க வேண்டும். இதில் இல்லை.

"மாப்பிள்ளை, இது போலி."

"மச்சான், இன்னொரு தடவை பாருங்க."

"நான் பார்த்தா பார்த்ததுதான்!"

டமார்! குத்திவிட்டார். ஐயோ என்று அலறி, மை காய்வதற்குள் என் வீட்டுக்காரர் அதைப் பறித்தார். கட்டைவிரல் மையில் பதிந்தது.

அதன் பிறகு பேச்சு நின்றது; போக்குவரத்து நின்றது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதைத் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத்தான் அண்ணன் என்னைப் பார்க்க வருவார். மறுபடி கடவாய்ப் பல் வலித்தபோது, பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார்! இன்று உங்களோடு சேர்ந்து நானும் சிரிக்கிறேன். அன்று சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் தாய்மார்களே. யார் பக்கம் பேசுவேன்? யாரை விட்டுக்கொடுப்பேன்?

இரண்டு ஆண்டுகள் போயின. அதே அஞ்சல் தலையின் முழுத்தாள் ஒன்று, படகெல்லாம் ஒழுங்காக நிமிர்ந்திருக்கும் சாதாரணத் தாள், ஆய்வுக்காக அண்ணனிடம் வந்தது. வெளிச்சத்தில் பிடித்தார். தாளின் நடுவே நீர்க்குறி இருந்தது. நான்கு மூலைகளில்? இல்லை! நீர்க்குறி மூலை வரைக்கும் எட்டவே இல்லை. அப்படியென்றால் மாப்பிள்ளையின் படகு தாளின் மூலையிலிருந்து கிழித்த மூலைப் படகு. அசல் படகு!

அவையோரே, அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. தாளைச் சுருட்டித் திருப்பி அனுப்பியிருந்தால் யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. தலைவர் பதவிக்கு ஆபத்து வந்திருக்காது, தலையும் நிமிர்ந்தே இருந்திருக்கும். அவர் என்ன செய்தார்? என் வீட்டுக்காரர் இருக்கும் நேரம் பார்த்து, வாசலில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, உங்க படகு நிஜம். என் முத்திரைதான் போலி."

என் வீட்டுக்காரர் அண்ணனின் கன்னத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பல்லு எப்படி இருக்கு மச்சான்? உள்ள வாங்க, வாயைத் திறங்க பார்க்கலாம்." அண்ணன் திறந்தார். இந்த முறை மூடவில்லை.

கதை முடிந்தது என்று எழுந்திருக்காதீர்கள்! வேடிக்கை இனிமேல்தான்.

அண்ணன் நம் மன்ற இதழில் அந்தப் படகின் முதுகைப் படம் பிடித்துப் போட்டு எழுதினார்: 'முதுகில் போலி என்ற முத்திரை இருப்பதுதான் அசல்.' விளைவு? சில மாதங்களில் சந்தையில் நான்கு கவிழ்ந்த படகுகள், நான்கின் முதுகிலும் போலி முத்திரை! சொல்லுங்கள், உலகத்தில் எங்காவது உண்டா? போலிக்காரன் தன் சரக்கில் தானே 'போலி' என்று எழுதி விற்கிறான். வாங்குகிறவன் அதைப் படித்துவிட்டு 'ஆகா, அசல்!' என்று அணைத்துக்கொள்கிறான்!

பழி யார் மேல் விழுந்தது? "மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆடின நாடகம், டாக்டர்தான் அடிச்சு விக்கிறார்" என்றார்கள். பல் பிடுங்க வந்தவர்கள்கூட என் வீட்டுக்காரரை ஒரு மாதிரி பார்த்தார்கள். வாயே திறக்காத மனிதர் எப்படி மறுப்பார்?

இதே கூடத்தில், இதோ இந்த மேசையில், அவருடையதையும் சேர்த்து ஐந்து படகுகளையும் குப்புற வைத்தோம். வெளியூர் நிபுணர்கள் வந்தார்கள், வளைத்து வளைத்துப் பார்த்தார்கள், வியர்த்தார்கள். படகு நிமிர்ந்திருந்த பழைய மூலைத் தலைகளிலேயே படகைச் சுரண்டிவிட்டுத் தலைகீழாக மாற்றி அச்சிட்டிருந்தான் அந்தக் கெட்டிக்காரன். தாள் அசல், பற்கள் அசல், பொய் படகில் மட்டும். "ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பணும், மாசக்கணக்காகும்" என்றார்கள். கூட்டம் முணுமுணுத்தது. என் வீட்டுக்காரர் தலை குனிந்தார்.

அப்போது அண்ணன் எழுந்தார். "நான் இன்னொரு தடவை பார்க்கறேன்."

ஐந்து முதுகுகளிலும் முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு மைக்கறை இருந்தது. நான்கில் வெறும் ஊதாத் திட்டு. ஒன்றில் ரேகை! அது எப்படி? நம் இதழில் அச்சான படத்தைப் பார்த்துத்தானே போலிக்காரன் நகலெடுத்தான்? நம் இதழின் அச்சு எப்படியிருக்கும்? மன்னிக்க வேண்டும் அச்சக உரிமையாளர் ஐயா, எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? உங்கள் அச்சில் என் அண்ணன் முகமே திட்டாகத்தான் விழும்! கட்டைவிரல் ரேகையும் திட்டாகத்தான் விழுந்தது. அந்தத் திட்டை அப்படியே பக்தியோடு நகலெடுத்திருக்கிறான்! கையில் அசலும் கட்டைவிரலும் வைத்திருப்பவர் அடித்திருந்தால் திட்டையா நகலெடுப்பார்? இனி உங்களை யாரும் திட்டமாட்டோம் ஐயா.

ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. அண்ணன் நிமிர்ந்தார். "மாப்பிள்ளை, கட்டைவிரலைக் காட்டுங்க." காட்டினார். கூடமே அதிர அண்ணன் கத்தினார்: "இது நான் கடிச்ச கடி!"

கைதட்டுங்கள். அன்று தட்டியதைவிட ஒரு மடங்கு கூடுதலாகத் தட்டுங்கள்!

போலி எங்கே இல்லை? எக்காலத்தில் இல்லை? அவன் கை நுட்பம் வளரும், கருவி வளரும். வளரட்டும்! ஏமாறுவது குற்றமா? தவறிப்போவது குற்றமா? நான் பார்த்தால் பார்த்ததுதான் என்று முத்திரையைத் தூக்குகிறோமே, அதற்குத்தான் நான் அஞ்சுகிறேன். மையைத் தொடும் முன்னால் மறுபடி பாருங்கள். மனிதரை முத்திரை குத்தும் முன்னால் மறுபடி மறுபடி பாருங்கள். குத்திவிட்டீர்களா? என் அண்ணன் போல அந்த வாசலில் போய் நில்லுங்கள்!

இன்றைய கண்காட்சியில் அந்தப் படகு வைக்கப்பட்டிருக்கிறது, முதுகு வெளியே தெரியும்படி. அண்ணனின் தவறும் என் வீட்டுக்காரரின் தழும்பும் அருகருகே இருப்பதைக் கண்ணாரக் காணுங்கள்.

மூன்றாம் வரிசையில் வழக்கம்போல வாய் மூடி உட்கார்ந்திருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி. நான் சொன்னதெல்லாம் அசல்தானே?

அதோ பாருங்கள், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்! எனக்கு அது போதும். பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.