குமுதாவின் அழுங்கு பற்றி இராஜம்மா சொன்னது

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் மகன் முகுந்தன், அவன் மனைவி சாந்தகுமாரி, அவளுடைய அண்ணன் அய்யாவு, கடைசியாக வந்த என் மகள் குமுதா. அதன் பிறகு வனவிலங்கு இலாகா அதிகாரிகள் இரண்டு பேர். வேறு ஆள் இல்லை.

என் பெயர் இராஜம்மா, காலஞ்சென்ற ரெங்கசாமியின் மனைவி. வயது எழுபத்தெட்டு. பண்டமாரானில் முகுந்தன் வீட்டில் இருக்கிறேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. எனக்கு இளைப்பு நோய் உண்டு, மறதி கிடையாது.

முகுந்தன் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறான். குமுதா பல்கலைக்கழகத்தில் விலங்கு ஆராய்ச்சி செய்கிறாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவளுக்கு அழுங்குதான் உலகம். உடம்பெல்லாம் செதிலாக இருக்கும், தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், எறும்பு தின்னும், மலாய்க்காரர்கள் தெங்கிலிங் என்பார்கள். அதைப் பிடிப்பதும் தின்பதும் குற்றம் என்று குமுதா சொல்லி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதை முக்கியமாக எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவளுடைய அப்பா செத்த அன்றும் அவள் காட்டில்தான் இருந்தாள், வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம். அந்தக் கோபம் எனக்கு வெகுகாலம் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

மேரு என்கிற ஊருக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்து ஓரம் கண்ணியில் சிக்கிய ஒரு பெண் அழுங்கை குமுதா காப்பாற்றிக் காலை ஆறவைத்து, போன தைப்பூசத்துக்குப் பிறகு அங்கேயே திரும்ப விட்டாள். விடும்போது அதன் செதில் ஒன்றில் துளை போட்டு, கட்டைவிரல் அளவு கறுப்பு டப்பா மாட்டினாள். அது எங்கே போனாலும் இவள் காரில் இருக்கும் பெட்டியில் டிக் டிக் என்று கேட்கும். அதன் பிறகு அது குட்டி போட்டது, குட்டி தாயின் வாலில் ஏறிக்கொண்டு போவதை எனக்கு போனில் காட்டினாள். பேரப்பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டினாள். போன வாரம் சத்தம் நின்றுபோய், மேரு முழுக்கத் தேடி அலைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யாவு பிளாஸ்டிக் பையில் கறியும், கூட ஒரு பிஸ்கட் டின்னும் கொண்டு வந்தான். அவனுக்கு மேருவில் ஃபேக்டரி வேலை. சாந்தகுமாரி மிளகு போட்டுச் சமைத்தாள். முகுந்தன் என் தட்டில் வைத்து, "முயல் கறிமா, இளைப்புக்கு நல்லது, சூடா சாப்பிடுங்க" என்றான். எஸ்டேட்டில் முயல் தின்றவள் நான். இது என்னடா இவ்வளவு கொழுப்பு என்று கேட்டேன். "மேரு முயல் லா அத்தை, எங்க கண்டீன் சோத்தைத் தின்னு கொழுத்திருச்சு" என்று அய்யாவு சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

குமுதா அன்று மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பண்டமாரான் முச்சந்தியில் அவள் காரில் பெட்டி சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது. கப்பலேற்றுவதற்காக அழுங்கை ஏதோ கிடங்கில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவளே இலாகாவுக்கு போன் செய்தாள். அதன் பிறகு காரை நிறுத்திவிட்டு, ஏரியல் மாதிரி ஒரு கம்பியைத் தூக்கிப் பிடித்துச் சத்தத்தின் பின்னால் நடந்து, எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன புரொபசரம்மா, அஸ்ட்ரோ டிவி கட்டாயிருச்சா?" என்று அய்யாவு கேட்டான். சாந்தகுமாரி சிரித்தாள். முகுந்தன் சிரிக்கவில்லை.

குமுதா நேராக உள்ளே வந்தாள். கம்பியைத் திருப்பத் திருப்ப சத்தம் கூடியது. துணி துவைக்கும் மெஷின் மேல் அய்யாவு கொண்டு வந்த பிஸ்கட் டின் இருந்தது. திறந்தாள். செதில்களைக் கழுவிக் காயவைத்துப் போட்டிருந்தார்கள். ஒரு செதிலில் அந்தக் கறுப்பு டப்பா அப்படியே இருந்தது.

அதன் பிறகு அவள் சட்டியைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள். "அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். வாயில் இருந்த எலும்பை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"குட்டி எங்கண்ணே?" என்றாள்.

"எந்தக் குட்டி?" என்றான் முகுந்தன். அய்யாவு தலையைக் குனிந்துகொண்டான்.

அதன் பிறகு முகுந்தன் கத்தினான். "அம்மாவுக்காகத்தான்டி வாங்கினேன். படுத்தா அவங்க இழுக்கிற இழுப்பு உனக்குத் தெரியுமா? நீதான் காட்டுல இருக்கியே!" அது பொய்யில்லை. இளைப்பு வந்தால் என் முதுகைத் தடவி உட்கார்ந்திருப்பவன் அவன்தான்.

"இலாகாவுக்குச் சொல்லிட்டேன்ணே. வந்துக்கிட்டிருக்காங்க" என்றாள் குமுதா.

டின்னை வாசல் லோங்காங்கில், சாக்கடையில், வீசிவிடலாம் என்று அய்யாவு பிடுங்கப் பார்த்தான். அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொடுக்கவில்லை. அதிகாரிகள் உள்ளே வந்தபோது டின் அவள் கையில்தான் இருந்தது.

இது யாருடையது என்று மலாயில் கேட்டார்கள். முகுந்தன், குமுதாதான் கொண்டு வந்தாள், ரோட்டில் செத்துக் கிடந்ததாம், அம்மாவுக்குச் சமைத்துக் கொடுக்கச் சொன்னாள் என்றான். அய்யாவு தலையாட்டினான். சாந்தகுமாரி தரையைப் பார்த்தாள். குமுதா என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று அவள் சொன்னால் அண்ணன் உள்ளே போவான், தின்ற என்னையும் கேட்பார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

நான் எழுந்து, அவள் இல்லை என்று ஆரம்பித்தேன். முகுந்தன் மேசையில் இருந்த என் மூச்சு பம்பை எடுத்து என் வாயில் வைத்து அழுத்தினான். அந்த மருந்தை இழுத்தால் மூச்சை அடக்க வேண்டும், பேச முடியாது. அம்மாவுக்கு இளைப்பு வந்துவிட்டது என்று அதிகாரிகளிடம் சொல்லிக்கொண்டே மறுபடியும் அழுத்தினான். அவர்கள் பயந்து, பாட்டியை உள்ளே படுக்க வையுங்கள் என்றார்கள். எனக்கு அப்போது இளைப்பு வரவில்லை.

குமுதாவை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஆராய்ச்சி அனுமதியை நிறுத்திவிட்டார்கள், வழக்கும் வரும் என்கிறார்கள். "அவளுக்குப் புள்ளையா குட்டியா? நான் உள்ள போனா வீடு நடுத்தெருவுலமா" என்று முகுந்தன் என்னிடம் சொன்னான். அதன் பிறகு, பக்கத்து வீட்டுக் கன்னையாவின் டாக்சியில், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். யாரும் என்னை ஏவிவிடவில்லை. கறி கொண்டு வந்தது அய்யாவு, வாங்கச் சொன்னது முகுந்தன். குமுதாவுக்கு இதில் சம்பந்தமில்லை.

எழுதியதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னும் ஒன்று சேர்க்கச் சொன்னேன். அது வழக்குக்கு வேண்டாம் பாட்டி என்று அதிகாரி சொன்னார். எழுதினால்தான் போடுவேன் என்றேன். எழுதினார்.

கொண்டு வந்த அய்யாவுவை மன்னித்துவிடுவேன். சமைத்த சாந்தகுமாரியையும் மன்னித்துவிடுவேன். கறியை ஊட்டியதற்காகவும் யாரையும் கோபிக்கவில்லை, அது என் உயிருக்காகச் செய்தது. என் மூச்சு மருந்தாலேயே என் வாயை அடைத்தவனை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அவன் என் மகன் முகுந்தன்.