வெட்டாமல் விட்ட குழாய்

என் பட்டறைக்குள் முதல் தடவை நுழைகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "யாருக்கு இடுப்பு வலி?" வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை அப்படி. சோதனைக்கு வந்த அன்று நீங்களும் மூக்கைச் சுளித்தீர்கள், நான் கவனித்தேன். அந்தத் தைலத்தில்தான் ஐயா என் பிழைப்பே. பழைய மோட்டார் சைக்கிளின் ரப்பர் இருபது முப்பது வருஷத்தில் கல்லாகிவிடும். அதை அழுக்குப் போகக் கழுவி, தைலமும் பெயிண்ட் தின்னரும் கலந்த டப்பாவில் ஊறப்போட்டு மூடியை இறுக்கி வைத்தால், நாலைந்து நாளில் இளகிவிடும். விரலால் மடக்கினால் மடங்கும். கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கிற ரப்பர், கால் வைக்கிற ரப்பர், டேங்குக்கு அடியில் இருக்கிற ரப்பர் எல்லாம் என்னைத் தேடி வரும். ரப்பர் டாக்டர் என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்ததுதான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வைத்தியம் எல்லா ரப்பருக்கும் ஆகாது. பிரேக் எண்ணெய் ஓடுகிற குழாய்க்கு ஆகவே ஆகாது. ஊறப்போட்டால் வெளியே கருகருவென்று புதுசு மாதிரி வந்துவிடும், உள்ளே வலு இருக்காது. நாலு தெரு சுற்றினால் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் ஓங்கிப் பிடித்தால் பிளந்துகொள்ளும். அதனால் என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பிரேக் குழாய் எது வந்தாலும், வண்டிக்காரர் கண்ணெதிரிலேயே கத்தரியால் இரண்டாக வெட்டித் தகர டின்னில் போட்டுவிடுவேன். ஒரிஜினல், கிடைக்காத சாமான் என்று சிலர் கெஞ்சுவார்கள். நான் மசிய மாட்டேன். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பொறுப்பில்லாதவன் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.

என் தங்கைக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். எனக்கு அப்போது இருபது. அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். ஜுரம் வந்தால் விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போட்டது நான். வருகிறவள் இவளை எப்படி நடத்துவாளோ என்று நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவளுக்குச் செய்துவைத்தேன். பார்த்துப் பார்த்துத்தான் மாப்பிள்ளை எடுத்தேன். பள்ளிக்கூட வாத்தியார், சாது, என் வீட்டு மாடியிலேயே குடியிருக்கச் சம்மதித்தார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தங்கமான மனிதர் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

ஒன்பது வருஷம் நன்றாகவே போனது. தினமும் காலையில் அவள் காபியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு, "இந்த நாத்தத்துல எப்படிண்ணா உனக்குக் காபி இறங்குது?" என்பாள். பிறகு மாப்பிள்ளைக்கு வேறு ஊரில், ரயிலில் ஒரு பகல் தூரத்தில், தலைமை ஆசிரியர் வேலை வந்தது.

"அண்ணா, வர்ற மாசம் நாங்க போறோம்" என்றாள். நாங்க என்று சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

"உனக்குப் போகணுமா?"

"ஆமாண்ணா. எனக்கும் ஒரு புது ஊரு, புது வீடுன்னு ரொம்ப நாளா ஆசை."

முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். அவளை வளர்த்தவன் நான், அவள் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? கணவர் மனம் நோகக் கூடாதே என்று சொன்னாள், அவ்வளவுதான். அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை நான்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்பாவின் மோட்டார் சைக்கிள் படிக்கட்டுக்கு அடியில் சாக்கு மூடிக் கிடந்தது. அதைச் சரிசெய்து புது ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை.

"மச்சான், எல்லாம் ஒரிஜினலாவே இருக்கட்டும். ஒரு ரப்பரைக்கூட மாத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

"நீ அவர் பேச்சைக் கேக்காதண்ணா" என்றாள் தங்கை. "பிரேக்குக்கு மட்டும் புதுசு போட்டுடு."

"வீட்லயே டாக்டரை வச்சுக்கிட்டு எதுக்குடி பயப்படுற?" என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தோம்.

நான் மேஜையிலிருந்து ஒரு பழைய குழாயை எடுத்து, அவள் கண்ணெதிரில் வெட்டி டின்னில் போட்டேன். "போதுமா?" என்றேன். "போதும்ணா" என்று மாடிக்குப் போய்விட்டாள். அது வேறொரு வண்டியின் குழாய். அப்பா வண்டியின் குழாய் அப்போது டப்பாவில் மூன்றாவது நாளாக ஊறிக்கொண்டிருந்தது.

கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை ஐயா. ஒரு கால் முறிந்தால் போதும் என்று நினைத்தேன். மூன்று மாதம் படுத்துவிட்டால் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், அவரும் பழையபடி மாடியில் இருப்பார். நானே கூட இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஹெல்மெட் போடாமல் வண்டியைத் தொடக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னவனும் நான்தான். "தண்ணித் தொட்டி இறக்கத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க மாப்பிள்ளை. பின்னாடி யாரையும் ஏத்தாதீங்க" என்றும் சொன்னேன். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன எச்சரிக்கை செய்ய முடியும்?

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. சத்தம் சீராக இருந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. அப்போது தங்கை ஈரத் தலையைத் துண்டால் சுற்றியபடி படியிறங்கி ஓடிவந்தாள். "அப்பா வண்டில நானும் ஒரு ரவுண்டு வரேன்" என்று துண்டை அவிழ்த்துக் கைப்பிடிச் சுவரில் போட்டாள். அவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார். ஏறி உட்கார்ந்தாள்.

நான் பட்டறை வாசலில் நின்றிருந்தேன். பத்தடி தூரம். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். வாயைத் திறந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இறங்கு என்று சொன்னால் எதற்கு என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று தெருவில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் சரியாகத்தான் பிடித்தது, இன்றைக்கே போய்விடும் என்று என்ன நிச்சயம் என்றும் யோசித்தேன். அவ்வளவு யோசிக்க நேரம் இருந்தது. வளைவில் அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எதிர் வெயில், என்னைப் பார்த்திருக்க முடியாது. வண்டி மறைந்ததும் நான் உள்ளே வந்து கையைக் கழுவினேன்.

இறக்கத்தின் அடியில் இருக்கும் சுவரில் மோதியிருக்கிறார்கள். மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பிளந்த குழாயில் தைல வாசனை இருந்ததையும், டின்னில் கிடந்த துண்டுகளின் முனை அப்பா வண்டிக்குப் பொருந்தாத அளவில் இருந்ததையும் உங்கள் ஆள் கண்டுபிடித்துவிட்டார். வேலை தெரிந்தவர். குழாயை ஊறப்போட்டது நான், மாட்டியது நான், அவரை அந்த இறக்கத்துக்கு அனுப்பியது நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். புகாரில் தங்கையின் கையெழுத்து இருக்கிறது என்று காட்டினீர்கள். அவள் கையெழுத்துதான். யாரோ சொல்லிக்கொடுத்துப் போட வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயம். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கணவரைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. "அண்ணா, நான் வண்டில ஏறினப்போ நீ வாசல்ல நின்னியா?" என்றுதான் கேட்டாள். "இல்லம்மா, உள்ள வேலையா இருந்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மருந்து மயக்கம். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அதுவும் மருந்தினால்தான் என்று நினைக்கிறேன். அதனால் நான் வாசலில் நின்றதாகச் சொன்ன வரிகளை மட்டும் இந்தத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள் ஐயா. அவளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள். இனிமேல் அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?