பொட்டு வைத்த விளிம்பு

ஜனவரி பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், என் தம்பியின் காருக்குக் கால்தாங்கி பொருத்தினேன்.

கால்தாங்கி பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை, ஐயா. ஓட்டுகிறவரின் இடது கால் சாய்ந்துகொள்ள ஒரு சரிவான தகடு, அவ்வளவுதான். கடையில் வாங்கும் கார்களில் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. தம்பியின் கார் கடையில் வாங்கியது இல்லை. பெட்டி பெட்டியாக வந்து, வீட்டில் வைத்து நாமே பூட்டிக்கொள்கிற ரகம். எஞ்சினும் கியரும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றியவை. கிளட்ச் கிடையாது. பிரேக், ஆக்ஸிலரேட்டர் என்று இரண்டே மிதிகள். அப்படிப்பட்டதைத் தேடித்தான் வாங்கினான். அவன் இடது காலால் எதையும் மிதிக்க முடியாது.

கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அந்தக் கால் சூம்பிவிட்டது. குட்டையும்கூட. அதற்காக அடி தடித்த பூட்ஸ் போட்டிருப்பான். நடந்தால் ஒரு கால் டக், மறுகால் தொம். பள்ளிக்கூடத்தில் அவனுக்குத் ‘தாளம்’ என்று பெயர். அவனை முதுகில் சுமந்து போன எனக்கு ‘வண்டி’ என்று பெயர். “டேய், வண்டி வந்தாச்சு, தாளம் எறங்குது பாரு” என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். எனக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. படிப்பிலும் விளையாட்டிலும் ஒன்றுக்கும் உதவாத பையனை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

பிறகு நான் கேட், கிரில் செய்யும் வெல்டர் ஆனேன். அவன் கட்டட ஆபீஸில் படம் வரைகிறவன் ஆனான். காலையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன், மாலையில் கூட்டிவருவேன். எனக்கும் சில இடங்களில் பெண் பார்த்தார்கள். தம்பி எங்களோடுதான் இருப்பான் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அத்தோடு பேச்சு நின்றுவிடும். எனக்கு அதில் வருத்தம் இருந்ததாக நினைவில்லை.

அவனுக்கு ஒரு பெண் அமைந்தாள். ஆபீஸுக்கு எதிரே மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். நல்ல பெண், ஐயா. அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். கொட்டகைக்கு வந்தால் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவாள்.

கார் பாதி பூட்டியிருந்த சமயத்தில், ஆபீஸில் அவனைக் கடற்கரை ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். நான் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தபோது வந்து சொன்னான்.

“அண்ணே, கல்யாணத்துக்கப்புறம் இருக்க அங்க வீடு பாத்தாச்சு. ஒரே ரூம்தான். ஆனா கீழ் வீடு, படி கிடையாது.”

“ஒரு ரூம்ல மூணு பேர் எப்படிடா?”

“மூணாவது யாருண்ணே?”

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். நான் கிரைண்டரை மறுபடி போட்டேன். கேட்கவில்லை என்பதுபோல் தலையாட்டினேன்.

கால்தாங்கிக்கு வருகிறேன். அந்தக் காரில் கால் வைக்கிற இடம் வெறும் தட்டைத் தரை. வண்டி இடது பக்கம் திரும்பினால் உடம்பு வலப்பக்கம் சாயும். நம் கால் தானாக ஊன்றிக்கொள்ளும். அவன் கால் ஊன்றாது, சரிந்து பிரேக்குக்கு அடியில் போய்விடும். அந்தத் தடித்த பூட்ஸ் அடியில் போய்விட்டால் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் கீழே இறங்காது. காலை அவன் கையால் தூக்கித்தான் எடுக்க வேண்டும். ஆகவே அவனுக்குச் செய்கிற கால்தாங்கிக்கு வலப்பக்கம் விரல் உயர விளிம்பு ஒன்று வேண்டும். பூட்ஸை அணைத்துப் பிடிக்கிற மாதிரி வளைந்த விளிம்பு. கார் நிற்பதும் நிற்காததும் அந்த விளிம்பில்தான் இருந்தது. இதை அவனுக்கு விளக்கிச் சொன்னதே நான்தான்.

“வெளில குடுத்துச் செய்யலாம்ண்ணே. ஆனா நீ செஞ்சாத்தான் எனக்கு நம்பிக்கை” என்றான்.

அவனை சீட்டில் உட்காரவைத்து, அட்டை வெட்டி, பூட்ஸைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டேன். அட்டையைத் திருத்தித் திருத்தி வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தான், அவர் காலுக்குச் சிம்மாசனமே செஞ்சுடுவீங்க போல. எனக்கு மோதிரத்துக்குக்கூட ஒருத்தரும் இப்படி அளவெடுக்கல.”

“கேட்டியாண்ணே? நூல் கட்டி அளவெடுத்தேன், அது பத்தலையாம்.”

“அந்த நூலை ஆபீஸ்ல தொலைச்சதும் நீங்கதானே?”

நானும் சிரித்தேன்.

தகட்டை வளைத்தேன். விளிம்பைத் தனியாக வெட்டி எடுத்தேன். எங்கள் தொழிலில், முழுதாகப் பற்றவைக்கும் முன் துண்டு நகராமல் இருக்க அங்கங்கே ஒரு புள்ளி ஒட்டுவோம். பொட்டு வைப்பது என்போம். அளவு சரியா என்று பார்த்த பிறகு, ஓரம் முழுக்க ஒரே ஓட்டாக ஓட்டி முடிக்க வேண்டும். பொட்டு வைத்த வேலை நிற்கும். பாரம் தாங்காது.

மூன்று இடத்தில் பொட்டு வைத்தேன். அவன் உள்ளே உட்கார்ந்து பார்த்தான். பூட்ஸ் அச்சில் வார்த்தது போல் பொருந்தியது. தகட்டைக் கழற்றி மேசைக்கு எடுத்து வந்தேன். ஓட்டி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. வெல்டிங் முகக்கண்ணாடியைக் கீழே இறக்கினேன். அப்போது காரிலிருந்து கேட்டான்.

“அண்ணே, முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது” என்றேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், ஐயா. செய்துகொண்டிருந்ததை நிறுத்தினேன், அவ்வளவுதான். பிறகு பொட்டுகளைத் தேய்த்துச் சமன் செய்தேன். பெயின்ட் அடித்தேன். மேலே ரப்பர் ஒட்டி, விளிம்பையும் மூடினேன். மறைப்பதற்காக இல்லை. எந்த வேலையையும் அரைகுறையாகப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

என் கணக்கு சின்னது. அவன் முதலில் கொட்டகைக்கும் கேட்டுக்கும் நடுவில்தான் ஓட்டிப் பழகுவான். விளிம்பு அங்கேயே பிய்ந்துவிடும். கார் நடக்கிற வேகத்தில் போய்ச் சுவரில் முட்டும். பயந்துவிடுவான். நமக்கு இது சரிப்படாதுண்ணே என்பான். “விடுடா, நான் இருக்கேன்ல” என்று சொல்வதற்குத் தயாராக இருந்தேன். தினமும் கேட் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

விளிம்பு பிய்யவில்லை. அடுத்த வாரம் தெருவுக்கு எடுத்தான். அப்போதும் பிய்யவில்லை. வெறும் பொட்டு இத்தனை நாள் பிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இதற்குள் அவன் சாமான்களைக் கட்ட ஆரம்பித்திருந்தான். எதை எடுத்துப்போவது, எதை எனக்கு விட்டுப்போவது என்று அவனும் அந்தப் பெண்ணும் கேலி பேசிக்கொண்டே பிரித்தார்கள். குக்கர் எனக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மலைச்சாலையில் ஒருதரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்றான். நான் வண்டியைத் துடைக்கக் குனிந்தபோது விளிம்பில் கை பட்டது. ஆடியது. ரப்பரை விலக்கிப் பார்த்தேன். இரண்டு பொட்டு விட்டுப்போயிருந்தது. மூன்றாவது மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. வெல்டிங் மிஷின் எட்டும் தூரத்தில் இருந்தது. ஸ்விட்சைப் போட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

பசை டப்பாவும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அதை எடுத்தேன். ரப்பரின் ஓரத்தில் தடவி, மறுபடி விளிம்பின்மேல் அழுத்தி ஒட்டினேன். ஒட்டும்வரை கட்டைவிரலால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவன் வந்து உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கித் தகட்டில் வைத்தான். வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் என் தோளைத் தட்டினான்.

“இனிமே நீ வண்டி இல்லண்ணே. ரெஸ்ட் எடு.”

அன்பாகத்தான் சொன்னான். இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தப் பெண் ஓடி வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது என்று முதலில் எழுதிக் கொடுத்திருந்தேன். அது சரியில்லை. மலைச்சாலைக்கு முதல் சவாரி தனக்குத்தான் என்று அவள் முந்தின வாரமே என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்துக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். நானே தூக்கிச் சாத்தினேன்.

“அத்தான், நீங்களும் பின்னாலயே வாங்க. இந்த டிரைவரை நம்பி உக்கார முடியாது” என்றாள்.

ஸ்கூட்டரில் பின்னால் போனேன். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறக்கத்தில், இடது பக்கம் திரும்பும் முதல் பெரிய வளைவில், அவன் பிரேக் விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. கார் வேகம் குறையவில்லை. விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. உள்ளே அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் காலைத் தேடுகிறான். நான் ஹாரன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிரே வந்த வேனுக்கு விலகி இடப்பக்கம் ஒடித்தான். இடப்பக்கம் ஒரு லாரி நின்றிருந்தது.

அவள் உயிர் அந்த இடத்திலேயே போய்விட்டது. தம்பிக்குத் தோள் எலும்பு முறிந்தது. நான் அவனை வெளியே எடுத்து, முதுகில் போட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸ் வருகிற இடம்வரை இறங்கினேன். முன்னைவிடக் கனமாக இருந்தான். ஆனாலும் என்னால் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் உங்கள் ஆளிடம் அவன் சொன்னது எனக்குத் தெரியும். என் கால் நழுவிவிட்டது, தப்பு என்னுடையது, அண்ணன் செய்த வேலையில் குறை இருக்காது என்று சொல்லியிருக்கிறான். அதனால் அவன்மேல் வழக்கு போட்டிருக்கிறீர்கள். நான் இன்று வந்தது அதற்காகத்தான். அவனை ஜெயிலில் வைக்க முடியாது, ஐயா. அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? விளிம்பைப் பொட்டோடு விட்டது நான். பிய்ந்தது தெரிந்தும் பசை போட்டு மூடியது நான். அந்தப் பெண் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்தியதும் நான்தான். எல்லாம் அவனைப் பார்த்துக்கொள்வதற்காகச் செய்ததுதான். இதை அவனிடம் நானே பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வான். நான் உள்ளே இருக்கிற காலத்தில் வாரம் ஒருமுறை அவன் என்னைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஜீப் ஏதாவது அனுப்பினால் நல்லது. துணை இல்லாமல் அவன் எங்கேயும் போனவன் இல்லை.

அந்த விளிம்பை இன்று காலையே அவனிடம் காட்டிவிட்டதாக இப்போது சொல்கிறீர்கள். என் கொட்டகையில் வளர்ந்தவன். பொட்டு எது, முழு ஓட்டு எது என்று அவனுக்குப் பார்த்தாலே தெரியும். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தானாம். பிறகு பழைய வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்தானாம். என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறானாம்.

அவனை இங்கே யார் கூட்டிவந்தார்கள் என்று கேட்டேன்.

“யாரும் இல்ல. பஸ்ல வந்தார், பஸ்லயே போயிட்டார்” என்றீர்கள்.