அட்டை போடாத புத்தகங்கள்

ஹலோ... ஹலோ, அக்கா? நான்தான்... கொஞ்சம் மெதுவா பேசு, நான் பாத்ரூம்ல இருக்கேன்... ஐயோ, வழுக்கி விழலக்கா, நல்லாத்தான் இருக்கேன். தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, வாளியைக் கவுத்துப்போட்டு உக்காந்திருக்கேன்... அவரு ஹால்ல டிவி பாக்கறாரு, அதான்... சொல்றேன், சொல்றேன். திட்டக் கூடாது. நான் ஒரு புத்தகத்தைத் திருடிட்டேன்.

...ஆமா, ஆமா, திருடினேன்... கடையில இல்ல! மூணாம் மாடி நர்ஸ் வீட்டு வாசல்ல இருந்து... எடுக்கறதுக்குத்தான் வெச்சிருக்கா, தெரியும். யாரு வேணாலும் எடுக்கலாம். ஆனா நான் எடுக்கலாமா? நான் போய் அவ அலமாரியில கை வெக்கலாமா?... அவ டியூட்டிக்குப் போன நேரமாப் பாத்து ஏறினேன். காஞ்ச துணிக்குள்ள சுருட்டி எடுத்துட்டு வந்தேன். படியில எங்க கட்டடத்து டியூஷன் டீச்சர் எதிர்ல வந்துட்டாங்க, துணியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மடமடன்னு இறங்கிட்டேன்.

...பொறாமைதான். இல்லேன்னு சொன்னேனா? வயிறு எரியுதுக்கா. மூணு வருஷமா படிக்கட்டுக்கு அடியில புத்தக அலமாரி வெச்சு நடத்தறது யாரு? இந்தக் கட்டடத்துல பன்னெண்டு வீடு. எதிர் வீட்டுல யாரு இருக்காங்கன்னே யாருக்கும் தெரியாது. நாலு பேரு நாலு வார்த்தை பேசிக்கட்டுமேன்னுதானே வெச்சேன்? ஒவ்வொண்ணுக்கும் பிரவுன் அட்டை, நம்பர், நோட்டுல கையெழுத்து, பதினஞ்சு நாள்ல திருப்பணும்... கண்டிப்பு இல்லாம எப்படிக்கா? பிச்சுப் போட்டுற மாட்டாங்களா?... ஆமா, 'அட்டைக்காரம்மா'ன்னு பேரு வெச்சிருக்காங்க. தெரியும் எனக்கு.

இவ வந்து ரெண்டு மாசம். வாசல்ல ஒரு அலமாரி, பக்கத்துல ரெண்டு ஸ்டூல். நோட்டும் கிடையாது, அட்டையும் கிடையாது. படிச்சதும் மனசுல பட்டதை ஒரு சீட்டுல எழுதிக் கடைசிப் பக்கத்துல சொருகணுமாம், அவ்வளவுதான். மொத்தக் கட்டடமும் அங்க போய் உக்காந்திருக்கு! அவங்க சிரிக்கிற சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேக்குது. டியூஷன் டீச்சர் ஞாயித்துக்கிழமையானா என்கிட்டதான் வருவாங்க. இப்ப என் அலமாரியைத் தாண்டித்தான் மேல ஏறறாங்க, ஒரு பார்வை கூடப் பாக்கறதில்ல.

...என்ன? அவ ஏன் தனியா வெச்சாளா?... அது... வந்த புதுசுல ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்தா. உங்க அலமாரியில சேத்துக்குங்கன்னு... நான் என்ன சொன்னேன்னா... விளிம்பெல்லாம் மடிஞ்சிருக்கே, இப்படி வெக்க முடியாது, எடுத்துட்டுப் போங்கன்னேன்... சரி, சரி. தப்புதான். அதை விடு, இப்ப நான் சொல்ல வந்தது அது இல்ல.

அந்தச் சீட்டுல என்னதான் எழுதறாங்கன்னு பாக்கத்தான் எடுத்தேன். நாலஞ்சு சீட்டு இருந்துச்சு. நாலாவது சீட்டைப் பிரிச்சேன்... அக்கா, அது அவரு கையெழுத்து.

...எவரா? என் வீட்டுக்காரரு! ழகரத்துக்கு வால நீட்டி அடுத்த வரி வரைக்கும் இழுப்பாரே, அதை எனக்குத் தெரியாதா? மூணு வருஷத்துல என் நோட்டுல ஒரு தடவை கூட அவரு பேரு வரல. கேட்டா கண்ணு எரியுதும்பாரு. தினம் சாயங்காலம் சர்க்கரைக்கு நடக்கறேன், மொட்டை மாடிக்குப் போறேன்னு ஏறிப் போன மனுஷன், மூணாம் மாடியோட நின்னுட்டாரு...

சீச்சீ, அப்படியெல்லாம் இல்லக்கா! அப்படி இருந்தாக்கூட சண்டை போட்டுத் தீத்துக்கலாம். இது அதைவிட மோசம். படிக்கிறேன், கேளு. 'கீழ் வீட்டுக்காரன் எழுதுவது. இதே புத்தகம் என் மனைவியின் அலமாரியிலும் இருக்கிறது. ஒருமுறை அங்கே கையெழுத்துப் போடாமல் ஒன்றை எடுத்து, அதன் மேல் டீயைச் சிந்திவிட்டேன். அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை. இந்தக் கதையில் அண்ணன் வீட்டை விட்டுப் போகும் இடத்தைப் பற்றி அவளோடு பேச வேண்டும் போல இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.'

...இருக்கேன், இருக்கேன்... இல்ல, அழல. மூக்கு அடைச்சிருக்கு.

இருபத்தாறு வருஷக் குடித்தனம்க்கா. என்கிட்ட பேச ஆசைன்னு ஊரான் வீட்டு வாசல்ல எழுதி வெச்சிருக்காரு. பக்கத்து ரூம்ல இருக்கற எனக்குத் தெரியல, பன்னெண்டு வீட்டுக்கும் தெரியும். டீயைச் சிந்தினதுக்கு ரெண்டு வார்த்தை கத்தினேன். அதை மனசுல வெச்சுக்கிட்டு...

இன்னும் முடியல. அதுக்குக் கீழ அவ எழுதியிருக்கா, நர்சம்மா! 'தயங்காமல் பேசுங்கள். உங்கள் மனைவியின் அலமாரியைப் பார்த்த பிறகுதான் இந்த வீட்டுக்குக் குடிவருவதென்று முடிவு செய்தேன்.' எனக்கு இவ சிபாரிசு! என் புருஷன் என்கிட்ட பேச இவ தைரியம் சொல்றா! திட்டலாம்னு வாயைத் திறந்தா, திட்டறதுக்கு ஒரு வார்த்தை வெச்சாளா பாரு, பாவி...

...படிச்சிருக்கேனாவா? என் அலமாரியில நாப்பத்தொண்ணாம் நம்பர், நாலு தடவை படிச்சிருக்கேன். அந்த அண்ணன் போற இடத்துல நாலு தடவையும் அழுதிருக்கேன். யார்கிட்ட சொல்லச் சொல்ற?

...இரு, கதவைத் தட்டறாரு. ...இதோ வர்றேங்க! ...அக்காகிட்டதான் பேசிட்டிருக்கேன்! ...என்னக்கா? இப்பவா? நீ சும்மா இரு... எனக்கு மட்டும் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியுமா?... சரி. சரி, நீ போனை வெச்சுடாத.

ஏங்க... அந்தக் கதையில அண்ணன்காரன் வீட்டை விட்டுப் போறானே... அது சரின்னு உங்களுக்குப் படுதா?

...அக்கா, அவரு போகல, அங்கதான் நிக்கறாரு. கதவுக்கு அடியில நிழல் தெரியுது... இரு, இரு. ஏதோ சொல்றாரு... தப்புங்கறாருக்கா. தம்பிக்காகவாவது இருந்திருக்கணுமாம்... எப்படிங்க தப்பு? அவன் இருந்திருந்தா அந்தத் தம்பி உருப்பட்டிருப்பானா?... என்னது? நல்லாச் சொன்னீங்க போங்க! நீங்க கடைசி வரைக்கும் படிச்சீங்களா இல்லையா?... அக்கா, நீ வை. அப்புறம் பேசறேன், வைக்கா...