யாரும் ஸ்கேன் செய்யாத லேபிள்

என் சட்டையில் வைக்கோல் வாசனை அடிப்பதாக மனைவி சொல்வாள், இன்ஸ்பெக்டர். எனக்கு அது தெரிவதில்லை. மாட்டுத் தீவனக் கம்பெனியில் தரம் பார்க்கிறவனுக்கு முதலில் மூக்குதான் சாகும்.

ஒரகடத்துக் கார் கம்பெனிகளில் காருக்குள் போகிற போல்ட்டுக்குக் கூட எண் உண்டு. எந்த ஷிப்ட், எந்த லைன் என்று பிடித்துவிடலாம். மாடு தின்கிற தீனிக்கு மட்டும் ஏன் கூடாது? அந்த ஏற்பாட்டை எங்கள் கிடங்கில் கொண்டுவந்தவன் நான்தான், இந்த எழிலரசன். ஒவ்வொரு சோளத்தட்டைக் கட்டிலும் ஒரு லேபிள். போனில் ஸ்கேன் செய்தால் யார் நிலம், என்றைக்கு அறுத்தது, சோதனையில் என்ன வந்தது, எல்லாம் தெரியும்.

யாரும் ஸ்கேன் செய்யவில்லை. லோடுமேன் திருமலை என் காதுபடவே சொல்வான். "மாட்டுக்குக் காதுல ஆதாரு. இப்ப தட்டைக்கும் எட்த்துக்கினு கீறாரு நம்ம சாரு. அடுத்து சாணிக்குத்தான்." முதலாளி கோதண்டராமன் வயிறு குலுங்கச் சிரிப்பார். போன மாதம் சிரிக்காமலே சொன்னார், லேபிள் வேலையை மூட்டை கட்டிவிட்டு நான் எடைமேடைக்குப் போகலாம் என்று.

நான் கோபப்படவில்லை. என் லேபிள் ஒரே ஒரு தடவை மாட்டைக் காப்பாற்றினால் போதும், எல்லார் வாயும் அடைபடும் என்று யோசித்தேன். அவ்வளவுதான்.

கிடங்குக்குப் பின்னால் நான் கழித்துப்போட்ட கட்டுகள் கிடந்தன. மழையில்லாமல் வாடிய சோளத்துக்கு யூரியாவை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். தட்டையில் நைட்ரேட் ஏறி விஷமாகிவிட்டது. அந்தக் கட்டுகளுக்கும் லேபிள் ஒட்டினேன். பொய் எதுவும் போடவில்லை. ஸ்கேன் செய்தால் 'கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது' என்றுதான் வரும். அவற்றைச் சேரப்பணஞ்சேரியில் கறவை மாடு வைத்திருக்கிற அம்சவல்லியின் லோடில் ஏற்றிவிட்டேன்.

ஏன் அம்சவல்லி என்கிறீர்களா? அவளிடம் நல்ல போன் இருந்தது. ஸ்கேன் செய்ய நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். அப்போது சிரித்தாள். "நீங்க குடுத்தா நல்லதாத்தான் சார் இருக்கும். அத்த வேற இன்னாத்துக்கு நோண்டிக்கினு?" அவள் புருஷனுக்குக் கார் கம்பெனியில் இருந்த கான்ட்ராக்ட் வேலை போய்விட்டது. மாடுகள் கறக்கிற பாலில்தான் அவள் வீட்டு உலை கொதித்தது. எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் இன்னும் கவனமாக அல்லவா இருக்க வேண்டும்?

மறுநாள் காலையில் போன் செய்தாள்.

"சார், மாடுங்க மூச்சு வுட முடியாம வுழுந்து கெடக்குது. டாக்டரு வந்துகீறாரு. தீனில எதுனா இருந்துச்சான்னு கேக்கறாரு சார்."

நைட்ரேட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், டாக்டர் அதற்கான ஊசியைப் போட்டிருப்பார்.

"லேபிள ஸ்கேன் பண்ணும்மா. எல்லாம் அதுல இருக்கு" என்றேன்.

"கட்டப் பிரிச்சதுமே கிழிச்சி அடுப்புல போட்டுட்டேன் சார். மாடு முழுங்கிட்டா வயித்துல சிக்கிக்குமே. நீங்களே சொல்லுங்க சார்."

அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கமாம். கயிறு, லேபிள், பிளாஸ்டிக் எதுவும் மாட்டு வயிற்றுக்குள் போகாதபடி முதலில் பொறுக்கி எரித்துவிடுவார்கள். என்னிடம் யாரும் சொன்னதில்லை. என் உழைப்பை அடுப்பில் போட்டுவிட்டு என்னையே கேட்கிறாள்.

போனை வைத்தேன். அது திரும்பத் திரும்ப அடித்தது. மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அந்த லோடின் பக்கத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரோ முதலாளியோ லேபிள் எண்ணைச் சொல்லிக் கேட்டால் உடனே பதில் தரத் தயாராக இருந்தேன். உச்சிவேளைக்குள் மாடுகள் அத்தனையும் செத்துவிட்டன. ரத்தம் காப்பி நிறத்தில் இருந்ததாம். அதில் ஒன்று நிறைமாதச் சினை.

அனுப்பியது நான்தான். தெரிந்துதான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் எதையும் மறைக்கவில்லை, இன்ஸ்பெக்டர். அவள் முறைப்படி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.